அடுப்பில் ஏறாத விதை விழுது: நம் வெயிலுக்கு ஏற்ற செய்முறை

சூரியகாந்தி விதையையோ பூசணி விதையையோ ஊறவைத்து, வடித்து, எலுமிச்சைச் சாறு, உப்பு, பூண்டு சேர்த்து மிக்ஸியில் மழமழவென்று அரைத்தால் கிடைப்பது விதை விழுது. ரொட்டியிலும் சப்பாத்தியிலும் தடவலாம், கேழ்வரகு அடைக்குத் தொட்டுக்கொள்ளலாம், கேரட்டையும் வெள்ளரிக்காயையும் நீளமாக நறுக்கி இதில் தோய்த்துத் தின்னலாம். பால், தயிர், வெண்ணெய், தேன் எதுவும் இதில் சேராது. அடுப்பும் வேண்டாம். வீகன் உணவுக்கு மாறியவர்களும், பால் ஒத்துக்கொள்ளாதவர்களும், இயற்கை மருத்துவ முகாமில் தங்கிவிட்டு வந்தவர்களும் இதைத் தேடுகிறார்கள். அப்படிப்பட்ட கொள்கை எதுவும் இல்லாமல், ருசிக்காக மட்டும் செய்து சாப்பிடலாம் என்பது என் கட்சி.

தீயில் வைக்காததைத் தின்பது நமக்குப் பழக்கம்தான். ஸ்ரீராம நவமிக்குப் பானகம், நீர்மோரோடு தரும் வடைப்பருப்பு என்பது ஊறிய பாசிப்பருப்பில் மாங்காயும் தேங்காயும் கலந்தது. அந்தப் பருப்பு வேகவே இல்லை. தேங்காய்ச் சட்னியில் விழும் தேங்காய், இஞ்சி, பச்சை மிளகாய் எல்லாமே பச்சைதான். ஆனால் இவற்றைச் செய்த வேளையிலேயே தீர்த்துவிடுகிறோம். விதை விழுதை மட்டும் பாட்டிலில் அடைத்துப் பல நாள் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறோம். சிக்கல் அங்கே ஆரம்பிக்கிறது.

சமையலில் அடுப்புக்கு இரண்டு வேலை. ஒன்று, பொருளை வேகவைத்து மெத்தென்று ஆக்குவது. இன்னொன்று, அதில் ஒட்டிக்கொண்டு வரும் கிருமிகளைக் கொல்வது. முதல் வேலையை ஊறவைப்பதும் அரைப்பதும் ஓரளவு செய்துவிடும். இரண்டாவது வேலைக்கு முழு மாற்று கிடையாது. சுத்தம், புளிப்பு, குளிர் என்ற மூன்றையும் சேர்த்துக் கடைப்பிடித்தால் ஆபத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். இந்த விழுதுக்கான செய்முறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டுச் சமையலறைகளில் பிறந்தவை. ‘இரவு முழுக்க மேடைமேல் ஊறட்டும்’ என்று அவற்றில் இருக்கும். 18 டிகிரி வெப்பத்தில் அது ஓரளவு தாக்குப்பிடிக்கும். மே மாதத்தில், தென்சென்னைப் புறநகரான ராஜகீழ்ப்பாக்கத்தில், மேல்மாடி வீட்டுச் சமையலறை நள்ளிரவிலும் 30 டிகிரிக்கு இறங்காது. அதே குறிப்பை இங்கே அப்படியே பின்பற்றினால் காலையில் பாத்திரத்தில் நுரையும் ஊசல் வாடையும்தான் இருக்கும். ஆகவே இந்தக் கட்டுரையில் செய்முறையைவிட நேரத்தையும் சூட்டையும் பற்றி அதிகம் பேசுகிறேன்.

காந்தியின் பாதாம் விழுது

சமைக்காத உணவை இந்தியாவில் பொது விவாதமாக்கியவர் காந்தி. 1893-இல் பிரிட்டோரியாவில் இருந்தபோதே அவர் அதைச் சோதித்துப் பார்த்து, அடுத்த ஆண்டு லண்டன் சைவ உணவுப் பத்திரிகையில் எழுதினார். 1929-இல் ஆந்திரச் சுற்றுப்பயணத்தின்போது மீண்டும் தொடங்கினார். ராஜமுந்திரியில் இயற்கை மருத்துவம் செய்துவந்த சுந்தரம் கோபாலராவ்தான் அதற்குத் தூண்டுகோல். அந்த ஜூன் மாதம் ‘யங் இந்தியா’வில் தன் தினசரி அளவை அவரே வெளியிட்டார்: முளைகட்டிய கோதுமை 8 தோலா, விழுதாக அரைத்த பாதாம் 8 தோலா, இடித்த பச்சைக் கீரை 8 தோலா, எலுமிச்சை 6, தேன் 2 அவுன்ஸ். 8 தோலா என்பது ஏறத்தாழ 93 கிராம். தேனை நீக்கிவிட்டால் இன்றைய பச்சை வீகன் தட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அரைத்த பருப்பும் எலுமிச்சையும் அதிலும் இருக்கின்றன.

சில வாரங்கள் உற்சாகமாகத்தான் போயிற்று. பிறகு உடல் மெலிந்தது, வயிற்றுக்கடுப்பு பிடித்தது. ஆகஸ்டில் சோதனையை நிறுத்திவிட்டு ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார். அதையும் ஒளிக்காமல் எழுதினார். சமைக்காத உணவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் முதல் பாதியை மட்டும் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. உணவுக் கட்டுப்பாட்டில் அவரைவிடப் பிடிவாதக்காரர் யார் இருந்தார்கள்? அவராலேயே முழு ஆகாரமாக அதைத் தாங்க முடியவில்லை.

தமிழ்நாட்டிலும் இந்த மரபு தொடர்ந்து வந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சிவசைலத்தில் மூ. இராமகிருஷ்ணனின் நல்வாழ்வு ஆசிரமம் தேங்காயையும் பழங்களையும் மையமாக வைத்துச் சமைக்காத உணவைப் பரப்பியது. சென்னை அரும்பாக்கத்தில் யோகா, இயற்கை மருத்துவத்துக்கு அரசுக் கல்லூரியே இருக்கிறது. கண்காணிப்பில் சில நாள் அப்படிச் சாப்பிடுவது வேறு, வீட்டில் தனியாக மாதக்கணக்கில் சாப்பிடுவது வேறு. இந்த விழுதை மற்றச் சாப்பாட்டோடு ஒரு தொடுகறியாகவே நான் சொல்கிறேன்.

எந்த விதை, எது கூடாது

தொடங்குகிறவர்களுக்குத் தோல் நீக்கிய சூரியகாந்தி விதைதான் சரி. விலை அடக்கம், சீக்கிரம் ஊறும், மிக்ஸியில் நன்றாக அரைபடும், தனக்கென்று பெரிய வாசனை கிடையாது. 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதமும் 50 கிராம் கொழுப்பும் இருக்கின்றன. வைட்டமின் ஈ இதில் மிகுதி. பூசணி விதையில் புரதம் இன்னும் கூடுதல், 100 கிராமுக்கு 30 கிராம் வரை. மெக்னீசியமும் துத்தநாகமும் நிறைய. அதை அரைத்தால் விழுது பச்சையாக வரும், மண்வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். இனிப்புக்கு மேலே தூவும் வெள்ளரி விதை, தர்பூசணி விதைப் பருப்பு இரண்டும் வெண்மையான, மிருதுவான விழுது தரும். நம் ஆட்கள் இவற்றை அலங்காரத்தோடு நிறுத்திவிட்டது அநியாயம். வெள்ளை எள் ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் ருசிக்கு ஆழம் வரும். எள்ளை மட்டுமே போட்டால் பச்சையாகச் சாப்பிடக் கசக்கும்.

வாங்கும்போது ‘வறுத்தது’, ‘உப்பு சேர்த்தது’ என்று உறையில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் வேண்டாம். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை போன்ற கடைத்தெருவில் சில்லறையாக வாங்கினால் நாலு விதையை வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டு வாங்கலாம். கடைசியில் எண்ணெய்ச் சிக்கு வாடையோ தொண்டைக் கரகரப்போ வந்தால் அது பழைய சரக்கு. தோல் நீக்கிய விதையில் எண்ணெய் காற்றோடு சேர்ந்து சீக்கிரம் கெடும். ஊறவைத்தாலும் எலுமிச்சை பிழிந்தாலும் அந்த வாடை போகாது. வீட்டுக்கு வந்ததும் மீதியை இறுக்கமான டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

தோட்டத்துக்கு விற்கும் விதையைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது. விதைப்பதற்கான விதையில் பூஞ்சை மருந்து தடவியிருப்பார்கள். பல நேரம் சிவப்பு, நீலம் என்று நிறமேற்றியும் இருக்கும், சில நேரம் நிறமே தெரியாது.

பயறு, அவரை வகைகளை இந்த வழிக்குக் கொண்டுவராதீர்கள். ராஜ்மாவை ஊறவைத்துப் பச்சையாக அரைத்தால் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் வரவைக்கும். நாலைந்து பச்சை ராஜ்மாவே அதற்குப் போதும். நன்றாகக் கொதித்தால்தான் அது முறியும். சோயாவும் மொச்சையும் பச்சைக்கு ஆகாது. பருத்தி விதையையும் இங்கே சொல்லவேண்டும். விதையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுப்பது மதுரைக்காரர்களுக்குப் பழகிய கலை. ஆனால் பருத்திப்பால் காய்ச்சித்தான் குடிக்கப்படுகிறது. பருத்தி விதையில் காசிபால் என்ற நச்சுப்பொருள் உண்டு. அதைப் பச்சை விழுதாக்க நினைக்கவே வேண்டாம். ஆளி விதையும் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கூடினால் விழுது கொழகொழவென்று ஆகிவிடும்.

முந்திரியைப் பற்றிப் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ‘வறுக்காத முந்திரி’ என்று வாங்குவது உண்மையில் பச்சை இல்லை. முந்திரிக்கொட்டையின் ஓட்டில் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் இருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைப்பவர்களின் விரல்களைக் கேட்டால் தெரியும். ஆவியில் வைத்தோ வறுத்தோ சூடு காட்டிய பிறகுதான் வழக்கமாக ஓட்டை உடைக்கிறார்கள். கலிபோர்னியா பாதாமும் அப்படித்தான். 2007 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் அந்த ஊர்ப் பாதாமைக் கிருமி நீக்கம் செய்தே ஆகவேண்டும் என்பது விதி. சால்மொனெல்லா கிருமியால் நோய் பரவிய பிறகு வந்த விதி அது. பச்சை உணவு என்ற கொள்கையில் கறாராக இருப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. ருசிக்காகச் சாப்பிடுபவர்களுக்கு முந்திரியும் தாராளமாகப் பொருந்தும்.

ஊறும்போது நடப்பது

காய்ந்த விதை என்பது உறக்கத்தில் இருக்கும் உயிர். தண்ணீர் பட்டதும் அது ஈரத்தை இழுத்து உப்பும், உள்ளே இறுகிக் கிடக்கும் செல்கள் தளரும். பல்லுக்கு இதமாகிறது, மிக்ஸிக்கு இலகுவாகிறது. சூரியகாந்தி விதையின் மேலிருக்கும் தூசும் லேசான கசப்பும் தண்ணீரில் இறங்கும். வடிக்கும்போது தண்ணீர் பழுப்பாக இருப்பது அதனால்தான். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சத்து என்று நினைத்துச் சேர்த்து அரைக்கவேண்டாம்.

ஊறவைத்தால் பைட்டிக் அமிலம் நீங்கி இரும்பும் துத்தநாகமும் உடலில் முழுதாகச் சேரும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். பைட்டிக் அமிலம் தாதுக்களைப் பிடித்துவைத்துக்கொள்வது உண்மை. ஆனால் தோல் நீக்கிய பருப்புகளைச் சில மணி நேரம் ஊறவைப்பதால் அது பெரிதாகக் குறைவதில்லை. கொட்டைப் பருப்புகளை வைத்து நடந்த ஆய்வும் அதையே காட்டியது. முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும்தான் கணிசமாகக் குறைக்கும். எலுமிச்சைச் சாற்றின் வைட்டமின் சி இரும்பு சேர உதவும் என்பது நன்கு நிறுவப்பட்டது. ஊறவைப்பதன் முதன்மைப் பயன் பதம்தான். அதற்குமேல் மருத்துவப் பெருமை எதுவும் தேவையில்லை.

சூரியகாந்திக்கு 2 மணி நேரம் போதும், பூசணிக்கு 4. ஆனால் ராஜகீழ்ப்பாக்கத்தில் இதை மேடைமேல் செய்யாதீர்கள். நோய்க்கிருமிகளில் பல, இதமான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 4 மணி நேரத்தில் 12 முறை. கணக்குப் போட்டால் ஒன்று நாலாயிரத்தைத் தாண்டும். உணவை அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேலும், 32 டிகிரியைத் தாண்டிய நாளில் 1 மணி நேரத்துக்கு மேலும் விடக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பின் பொது விதி. மார்ச்சிலிருந்து செப்டம்பர்வரை நம் சமையலறைக்குப் பொருந்துவது அந்த 1 மணி நேரக் கணக்குதான். ஆகவே பாத்திரத்தை மூடி ஃப்ரிட்ஜுக்குள் வைத்து ஊறவிடுங்கள். குளிரில் மெதுவாக ஊறும். இரவு படுக்கும்போது போட்டால் காலையில் தயார். மார்கழியிலும் இதையே செய்யச் சொல்வேன்.

தண்ணீரும் முக்கியம். இந்தப் பக்கத்து வீடுகளில் போர் தண்ணீர், லாரித் தண்ணீர், மாநகராட்சிக் குழாய், கேன் என்று பல வகை புழங்குகிறது. ஊறவைப்பதற்கும் கடைசியாக அலசுவதற்கும் குடிக்கும் தண்ணீரையே பயன்படுத்துங்கள். கொதிக்கவைத்து ஆறியது இன்னும் மேல். அரிசி கழுவுவது போர் தண்ணீரில் நடக்கலாம், அது பிறகு கொதிக்கிறது. இந்த விழுது கொதிக்கப்போவதில்லை. உப்புக்கரிக்கும் கடினத் தண்ணீரால் இன்னொரு தொல்லையும் உண்டு. சூரியகாந்தி விதையில் குளோரோஜெனிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. காரத்தன்மை பட்டால் அது புரதத்தோடு சேர்ந்து பச்சையும் சாம்பலுமாக நிறம் மாறும். கெட்டுப்போய்விட்டது என்று பயந்து கொட்டுகிறார்கள். அது கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. எலுமிச்சையை முதலிலேயே சேர்த்தால் நிறம் நிற்கும்.

அரைக்கும் முறை

சூரியகாந்தி விதை 100 கிராம், வெள்ளரி விதை அல்லது பூசணி விதை 50 கிராம், வெள்ளை எள் ஒரு மேசைக்கரண்டி. எள்ளைத் தனிக் கிண்ணத்தில் ஊறவையுங்கள். பெரிய விதைகளோடு போட்டால் வடிதட்டில் பாதி ஓடிவிடும். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி கல்லுப்பு கரைத்து அதில் ஊறவிடலாம். உப்பு விதைக்குள் கொஞ்சம் இறங்கி ருசி சீராக வரும்.

ஊறியதும் வடித்து, இரண்டு மூன்று முறை நுரை போகும்வரை அலசி, வடிதட்டிலேயே பத்து நிமிடம் விட்டு ஈரத்தை முழுக்க இறங்கவிடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு போட்டால் விழுது தளர்ந்து, ரொட்டியில் நிற்காமல் வழியும். ஃப்ரிட்ஜில் ஊறிய விதை சில்லென்று இருப்பது அரைப்பதற்கும் நல்லது. மிக்ஸியின் சூடு அதைச் சீக்கிரம் எட்டாது.

சட்னி ஜாரில் முதலில் ஒரு பல் பூண்டு, சிறு துண்டு இஞ்சி, ஒரு பச்சை மிளகாய், முக்கால் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைச் சுற்றி நைத்துக்கொள்ளுங்கள். பிறகு விதைகளைப் போட்டு விட்டு விட்டுச் சுற்றுங்கள். ரவை பதம் வந்ததும் ஓரத்தை வழித்துவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். ஒன்றரைப் பழம் பிடிக்கும். அதன்பிறகு தண்ணீரை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக. மொத்தம் மூன்று நான்குக்கு மேல் போகாது. இதற்குப் பெரிய விலையுள்ள பிளெண்டர் வேண்டும் என்பார்கள். தேவையில்லை. உளுந்தும் தேங்காயும் அரைத்துப் பழகிய நம் மிக்ஸி, 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லாத் திட்டத்தில் வந்ததாக இருந்தாலும் சரி, இதைச் செய்துவிடும். ஒரேயடியாக ஓட்டாமல் அரை நிமிடம் ஓட்டி அரை நிமிடம் நிறுத்துங்கள். ஜாரின் அடி கைக்குச் சூடாகத் தெரிந்தால் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கலாம். பச்சை உணவுக்காரர்கள் 42 முதல் 48 டிகிரிக்குள் ஏதாவது ஒன்றை எல்லையாகச் சொல்வார்கள். நீண்ட நேரம் ஓடும் மிக்ஸி அதை எளிதாகத் தாண்டும்.

தண்ணீர் விட விட விழுது திடீரென்று வெளுத்துப் பொங்கி வருவதைப் பார்க்கலாம். இந்தச் செய்முறையில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் அது. விதைக்குள் எண்ணெய் தனியாக ஓடிக்கொண்டு இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக, ஒவ்வொரு துளியைச் சுற்றியும் புரதத் தோல் போர்த்தியபடி இருக்கிறது. தண்ணீரோடு அரைக்கும்போது அந்தத் துளிகள் உடையாமல் தண்ணீரில் பரவி நிற்கின்றன. ஒளி அவற்றில் பட்டுச் சிதறுவதால் வெண்மை. தேங்காய்ப் பால் வெள்ளையாக இருக்கும் காரணமும் இதுதான். தண்ணீரே விடாமல் வறுத்த விதையை நெடுநேரம் அரைத்தால் நடப்பது வேறு. துளிகள் உடைந்து எண்ணெய் வெளியே வந்து, வேர்க்கடலை வெண்ணெய் மாதிரி ஆகிவிடும்.

வைத்திருக்கும் காலம் இந்த வித்தியாசத்தில்தான் தங்கியிருக்கிறது. வேர்க்கடலை வெண்ணெயில் ஈரம் இல்லை, கிருமி வளர வழியில்லை, மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கும். நம் விழுது பாதிக்குப் பாதி ஈரம், புரதமும் உண்டு. கிருமிக்கு விருந்து. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துகிறார்கள், அங்கே தவறு நடக்கிறது.

அரைத்ததை ருசி பார்த்தால் சற்றுத் தளர்வாகவும் புளிப்பு தூக்கலாகவும் தோன்றும். அப்படியே விடுங்கள். அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் இருந்தால் நாரும் புரதமும் மீதி ஈரத்தை இழுத்து விழுது இறுகும், புளிப்பும் அடங்கும். மொத்தம் 300 கிராம் அளவுக்கு வரும். ஒரு மேசைக்கரண்டியில் 50 கலோரி அளவு இருக்கும். இரண்டு மூன்று கரண்டி ஒரு வேளைக்குத் தாராளம்.

ருசியை மாற்ற நம் ஊரிலேயே எவ்வளவோ இருக்கின்றன. கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை ஏதாவது ஒரு கைப்பிடி சேர்க்கலாம். சித்திரையில் எலுமிச்சைக்குப் பதில் புளிப்பு மாங்காய்த் துருவல், நெல்லிக்காய்ப் பருவத்தில் இரண்டு பெரிய நெல்லி. இரண்டுமே புளிப்பைத் தருவதால் செய்முறையின் காவல் குறையாது. ஆனாலும் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சையைக் கைவிடாதீர்கள். மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டால் சோற்றில் பிசைந்தும் சாப்பிடலாம். தேங்காய் சேர்த்தால் ருசி பிரமாதம், ஆனால் அன்றைக்கே தீர்க்கவேண்டும். கீரையையும் தழையையும் அலசுவதில் சோம்பல் கூடாது. விதையைவிட மண் ஒட்டிய தழைதான் அதிகக் கிருமி கொண்டுவரும். பிரண்டையைப் பச்சையாகப் போடாதீர்கள், நாக்கும் தொண்டையும் அரித்துவிடும். அதற்கு வதக்கல் கட்டாயம்.

எத்தனை நாள் வைக்கலாம்

பாட்டிலையும் மூடியையும் கரண்டியையும் கொதிநீர் ஊற்றி எடுத்துக் காயவையுங்கள். விழுதைப் போட்டு ஃப்ரிட்ஜின் உள்பக்கம் வையுங்கள். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடேறும். மூன்று நாள். அதற்குமேல் வேண்டாம். கைபட்ட கரண்டியை விடாதீர்கள். சாப்பாட்டு மேசைக்கு வேண்டியதைச் சிறு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, மிஞ்சியதைப் பாட்டிலில் திரும்பப் போடாமல் இருங்கள்.

ஊறுகாய்மேல் நல்லெண்ணெய் ஊற்றிவைப்பதுபோல இதன்மேலும் ஒரு விரற்கடை எண்ணெய் ஊற்றினால் ஒரு மாதம் வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். இது உண்மையிலேயே ஆபத்து. ஊறுகாயைக் காப்பது அதிலுள்ள உப்பும் புளிப்பும், வெயிலில் இழந்த ஈரமும். எண்ணெய் மேலே காற்றுப் படாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறது. ஈரமான, புளிப்புக் குறைந்த, பச்சைப் பூண்டு போட்ட விழுதைக் காற்றில்லாமல் மூடினால், காற்றில்லாத இடத்தில்தான் வளரும் பாட்டுலினம் என்ற கிருமிக்கு இடம் கொடுத்ததாகும். அதன் நச்சு நரம்பைத் தாக்கும், வாடையும் காட்டாது. புளிப்பு மிகுந்து pH அளவு 4.6-க்குக் கீழே இறங்கினால் அந்தக் கிருமி வளராது. எலுமிச்சையை ருசிக்குமட்டும் சேர்ப்பதாக எண்ணிக் குறைக்காதீர்கள் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான்.

மின்சாரம் நின்றால்? மூடியே வைத்த ஃப்ரிட்ஜ் ஏறத்தாழ 4 மணி நேரம் குளிர் காக்கும். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்சென்னைப் புறநகர்களில் அதைவிட நெடுநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தவர்களுக்கு இது புரியும். அந்த மாதிரி நாளில் முகர்ந்து பார்த்து முடிவு செய்யவேண்டாம், கொட்டிவிடுங்கள். நோய் தரும் கிருமிகளில் பல வாடையை மாற்றுவதே இல்லை.

பச்சை விதையிலிருந்து எவ்வளவு பெரிய கேடு வரக்கூடும் என்பதற்கு 2011 ஜெர்மனி சாட்சி. வடக்கு ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தின் வழியாக ஈ கோலி கிருமி பரவி, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தய விதையில் கிருமி வந்திருக்கும் என்று விசாரணை காட்டியது. காய்ந்த விதையில் கிருமி மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். ஈரமும் இளஞ்சூடும் கிடைத்ததும் பெருகும். நாம் ஊறவைக்கும்போது அந்த இரண்டையும்தான் கொடுக்கிறோம். அதனால்தான் இளஞ்சூட்டை எடுத்துவிட்டுக் குளிரில் ஊறவைக்கச் சொல்கிறேன்.

புளிக்கவைத்த வகை ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் பச்சை உணவைப் பரப்பிய ஆன் விக்மோர் விதைகளை அரைத்து, முளைக்கோதுமை ஊறிய புளித்த நீர் சேர்த்து, அறைச் சூட்டில் சில மணி நேரம் விட்டு ‘விதைப் பாலாடைக்கட்டி’ செய்யச் சொன்னார். தோசை மாவு ஓர் இரவில் பொங்கும் ஊரில் இது சுலபம்தானே என்று தோன்றும். தோசை மாவு புளித்தபின் சூடான கல்லில் வேகிறது. பழைய சோறு புளிப்பதற்கு முன்பே வெந்தது. இந்த விதைக்கட்டி முன்னும் வேகவில்லை, பின்னும் வேகப்போவதில்லை. நல்ல கிருமி முந்துமா, கெட்ட கிருமி முந்துமா என்பது உங்கள் கையில் இல்லை. 33 டிகிரி வெப்பத்தில் இதை வீட்டில் செய்யவேண்டாம் என்பதே என் தீர்ப்பு. புளித்த ருசி வேண்டுமென்றால் எலுமிச்சையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

யாருக்கு, எப்படி

கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், வயதான பெரியவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், மாற்று உறுப்பு பொருத்தியவர்கள் இதைப் பச்சையாகச் சாப்பிடக்கூடாது. அவர்களுக்கும் வழி இருக்கிறது. விதையை வெறும் வாணலியில் மிதமான தீயில் நன்றாகச் சூடேறி வாசனை வரும்வரை வறுத்து, ஆறவைத்து, கொதித்து ஆறிய தண்ணீர் விட்டு அரைத்து, செய்தவுடனே கொடுங்கள். ருசி குறையாது, கூடத்தான் செய்யும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் விதைகளில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் மிகுதி என்பதால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். எள் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். 2023 முதல் அமெரிக்காவில் உணவு உறைகளில் எள்ளைக் கட்டாயம் குறிப்பிடவேண்டும் என்று சட்டமே வந்திருக்கிறது. விருந்தாளிகளுக்கு வைக்கும்போது எள் இருக்கிறது என்று சொல்லி வையுங்கள்.

முழுக்க வீகனாக இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். விதைகளில் புரதம் உண்டு, நல்ல கொழுப்பு உண்டு, பி12 துளியும் இல்லை. பாலும் மோரும்கூட இல்லாத உணவில் பி12 குறைந்தால் ரத்தசோகையும் கைகால் மரத்துப்போவதும் வரும். இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்படி மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த விழுதும் அதற்கு ஈடாகாது.

முதல் தடவை 50 கிராம் விதையில் செய்துபாருங்கள். பாட்டில்மேல் அன்றைய தேதியை ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தால் அடுத்த முறையும் அளவைக் கூட்டவேண்டாம், வாரத்துக்கு இரண்டு முறை புதிதாக அரையுங்கள். விதை ஊறுவது ஃப்ரிட்ஜில், அரைப்பதற்குக் கால்மணி நேரம்தான் ஆகும்.